பெயர் சொல்ல விரும்பாத நண்பருக்கு

ஒன்பது மெயில்களை அழித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி.

ஷாஹினாஸ் லேப்டாப் திரையின் மூலையைப் பார்த்தாள். பேட்டரி நான்கு சதவீதம். கரண்ட் போய்ப் பதினொரு நிமிஷம் ஆகிறது. வைஃபை செத்துக் கிடந்ததால் கைபேசியிலிருந்து இணையத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அதுவோ அலெக்சாண்டிரியாவின் ஆகஸ்ட் மத்தியானம் மாதிரி நகரவே மறுத்தது.

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, லிஃப்டுக்குள்ளிருந்து இரண்டு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோர்ட்டு நோட்டீஸ் கொண்டுவரும் அமீனா. இன்னொருவர் வக்கீல். இருவருமே அவளைப் பார்க்க வந்தவர்கள்தான்.

கைபேசி அதிர்ந்தது. கீழே வாசல் காவலர் ஷஹாத்தா. படித்த பெண்களை அவர் மரியாதையாக 'உஸ்தாஸா' என்றுதான் கூப்பிடுவார்.

"உஸ்தாஸா, இவங்களை இன்னும் அஞ்சு நிமிஷம் நிறுத்தி வைக்கலாம். லிஃப்டைக் கையால சுத்தி ஏத்துன்னு வக்கீல் உள்ளேயிருந்து கத்தறாரு. நான் மோட்டார் ரூம் சாவியைத் தேடிக்கிட்டிருக்கேன்."

"சாவி எங்கே இருக்கு பெரியப்பா?"

"என் சட்டைப் பையிலதான். அதான் மெதுவா தேடறேன்."

"வேணும்னே ஏத்திவிட்டீங்களா?"

"பன்னெண்டு மணிக்குக் கரண்ட் போகும்னு அரசாங்கமே அட்டவணை போட்டிருக்கு. பதினொண்ணு அம்பத்தொம்பதுக்கு ஒரு கோட்டு போட்ட ஆளு வந்து லிஃப்ட் எங்கேன்னு கேட்டா, நான் காட்டாம இருக்க முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாவது மெயிலை அழித்தாள்.

அவசரத்துக்குக் காரணம் நெஹால். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த தோழி, இப்போது வக்கீல். போன வாரமே தெளிவாகச் சொல்லியிருந்தாள். "அமீனா கொண்டுவர்ற தாள் உன் கைக்கு வர்றதுக்கு முன்னால அழிச்சா, வீட்டைப் பெருக்கினேன்னு அர்த்தம். வந்தப்புறம் அழிச்சா, சாட்சியத்தை அழிச்சேன்னு அர்த்தம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது உன்னோட ஒரே ஒரு கையெழுத்துதான்டி."

போன வாரமே அழித்திருக்கலாம். அழிக்க மனசு வரவில்லை. அந்த மெயில்கள் வந்த பெயரில்லாத விலாசத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டு, ஒரு பதில் வராதா என்று காத்திருந்தாள். வரவில்லை.

பதினோராவது மெயில். இது அவர் கடைசியாக எழுதியது. அழிப்பதற்கு முன்னால் ஒரு முறை, ஒரே ஒரு முறை, படித்தாள்.

'என் பெயர் எங்கேயும் வேண்டாம். எனக்கு இந்த வேலை வேண்டும். இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். பலகைகள் சரியாக வந்தால் போதும்.'

பேட்டரி இரண்டு சதவீதம். அழித்தாள். குப்பைக்கூடையையும் காலி செய்தாள். 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று கேட்டது. ஆமாம். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. திரை இருண்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

*

கதை இதுதான்.

'ஏழாம் துறைமுகம்' என்று ஒரு கேம். செய்தது எங்கோ வடக்கே, குளிர்நாட்டு நிறுவனம் ஒன்று. கதை நடப்பது மட்டும் நம் பக்கத்துக் கடற்கரை ஊரில். மீன் சந்தை, காப்பிக் கடை, டிராம் தண்டவாளம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் வயிறு எரியும். வலமிருந்து ஓட வேண்டிய அரபி எழுத்து இடமிருந்து ஓடும். ஒட்டிக்கொண்டு போக வேண்டிய எழுத்துகள், கொடியிலிருந்து அறுந்து விழுந்த துணிகள் மாதிரி தனித்தனியாகக் கிடக்கும். ரொட்டிக் கடையில் ரொட்டி இல்லை, முடிதிருத்தும் கடையில் முடி இல்லை, எங்கும் ஒரு சொல் தேறாது. உலகம் பூராவும் லட்சக்கணக்கில் விளையாடினார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. அரபி தெரிந்தவனுக்கு மட்டும் தன் வீட்டுச் சுவரில் எவனோ கிறுக்கிவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

ஷாஹினாஸும், அவள் நேரில் முகம் பார்த்திராத ஐந்து பேரும் சேர்ந்து அதற்கு ஒரு மாட் செய்தார்கள். காசு கொடுத்து வாங்கிய கேமின்மேல் ரசிகர்கள் தாங்களே போடும் ஒட்டு. பெயர் 'நம்ம துறைமுகம்'. வசனம் முழுக்க அரபியில். ஒரு பைசா வாங்கவில்லை.

இந்த வேலை செய்கிறவர்களிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, வித்தியாசத்தை மட்டுமே கொடுப்பது. மூலக் கோப்பை அப்படியே ஊருக்கு விநியோகித்தால் அது திருட்டு. 'பத்தாம் வரியில் இந்தச் சொல்லை எடு, அந்தச் சொல்லை வை' என்று குறிப்பு மட்டும் கொடுத்தால், வாங்கியவன் தன் வீட்டில் தன் கேமைத் திருத்திக்கொள்கிறான். கயிற்றின்மேல் நடப்பதுதான், ஆனாலும் நடக்கலாம். இரண்டாவது வழக்கம், நன்றிப் பக்கம். ஒரு காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தவனுக்கும் அதில் இடம் உண்டு. காசு இல்லாத ஊரில் கூலியே அதுதான். ஒருவன் பெயரை விட்டுவிட்டால் அடுத்த நாள் குழுவே உடைந்துபோகும்.

வசனம் முடிந்தது. பலகைகள்தான் இடித்தன. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. படத்தில் எழுத்தும் சுவரும் துருவும் ஒரே தோலாக ஒட்டியிருந்தன. எழுத்தைச் சுரண்டினால் சுவர் கிழிந்தது. ஏழு மாதம் முயன்றும் புண்ணுக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரிதான் வந்தது.

அப்போது வந்தது முதல் மெயில். பெயரில்லை. 'அந்தப் பலகைகளை எழுதியவன் நான். கெய்ரோவில் அவர்களுக்குப் படம் வரையும் ஸ்டுடியோவில் இருக்கிறேன். நான் சரியாகத்தான் எழுதினேன். அங்கே போய் ஏதோ ஒரு மென்பொருளுக்குள் நுழைந்து நொறுங்கிவிட்டது. சொன்னேன். இனி நேரமில்லை என்றார்கள்.'

கூடவே இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். எழுத்து தனி அடுக்கு, சுவர் தனி அடுக்கு, துரு தனி அடுக்கு. ஷாஹினாஸ் அன்று முழுக்க அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் வலை பழுதுபார்க்கும் கடையின் பலகை மட்டும் போதும், சட்டம் போட்டு மாட்டலாம்.

முதல் வழக்கத்தை அன்றைக்கு மீறினாள். படங்களை முழுசாக மாட் கோப்புக்குள் வைத்தாள்.

இரண்டாவது வழக்கத்தை மீற முடியவில்லை. பெயர் வேண்டாம் என்றுதானே சொன்னார், நன்றி வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று தனக்குத் தானே வாதாடி, நன்றிப் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'தன் கையால் எழுதிய பலகைகளை எங்களிடம் திருப்பித் தந்த, பெயர் சொல்ல விரும்பாத நண்பருக்கு.'

நான்கு மாதம் கழித்து கேம் கம்பெனியிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் அந்த வரி, ஆங்கிலத்தில், அடிக்கோடிட்டு இருந்தது.

அன்றைக்கே அவருக்கு எழுதினாள்; பதில் இல்லை.

*

"இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒண்ணு," என்றார் அமீனா. லிஃப்டில் வெந்துபோன சட்டையோடு தாளை விசிறியாக்கி விசிறிக்கொண்டு, பிறகு அதையே நீட்டினார். "நேரம் போடணும். பன்னெண்டு இருபது."

பின்னால் நின்ற வக்கீலுக்கு ஐம்பது வயதிருக்கும். பஹ்கத் என்று அறிமுகம் செய்துகொண்டு, முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, கிளாஸைத் தானே சமையலறை மேடையில் வைத்துவிட்டு வந்தார். இவ்வளவு மரியாதையான ஆள் என்றால் பயப்படத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"மூணு மணிக்கு என் ஆபீசுக்கு வந்துடுங்க, உஸ்தாஸா. மன்ஷிய்யாவுல. கெய்ரோவிலேருந்து ஸ்டுடியோ ஆள் ஒருத்தர் படங்களைப் பரிசோதிக்க வந்திருக்காரு. உங்க கம்ப்யூட்டரையும் எடுத்துட்டு வாங்க. பேசித் தீர்த்துக்கலாம். தீரலைன்னா நாளைக்குக் காலையில பொருளாதார நீதிமன்றம்."

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் துபாய் போறேன், மெத்ர்." இந்த நாட்டில் வக்கீல்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"தெரியும்," என்றார் பஹ்கத். "அந்த வேலையைப் பத்தியும்தான் பேசப் போறோம்."

கதவு சாத்தியதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம் வாஷிங் மெஷின் கையேடுகளை மொழிபெயர்த்தவள். 'தண்ணீர்க் குழாயை இறுக்கவும்' என்று நாலாயிரம் முறை எழுதியிருப்பாள். துபாயில் கேம்களை அரபிக்குக் கொண்டுவரும் கம்பெனி ஒன்று 'நம்ம துறைமுகம்' பார்த்துவிட்டு, அரபிப் பிரிவுக்கே தலைமையாக அவளைக் கூப்பிட்டிருந்தது. டிக்கெட் வந்துவிட்டது. இந்த வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது.

*

நெஹால் டிராம் நிறுத்தத்தில் ஈரல் சாண்ட்விச்சோடு நின்றாள். ஏறும்போதே பாதியை நீட்டினாள். ஷாஹினாஸ் தலையாட்டி மறுத்தாள்.

"தின்னுடி. வெறும் வயித்தோட ஒப்பந்தம் பேசக்கூடாது. என் கட்சிக்காரிங்க எல்லாருக்கும் நான் சொல்ற முதல் புத்தி இதான்."

"உன் கட்சிக்காரிங்க விவாகரத்துக்கு வர்றவங்க."

"இது மட்டும் என்னவாம்? யார் எதைச் செஞ்சது, யார் எதைத் தூக்கிட்டுப் போனது, சோபா யாருது. அதே கேஸ்தான்." வாயைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "கேளு. ராத்திரி முழுக்கச் சட்டத்தைப் படிச்சேன். விக்கற உரிமை, அச்சடிக்கற உரிமை எல்லாம் கம்பெனிக்குப் போயிடும். ஆனா வரைஞ்சவனுக்குன்னு ஒரு உரிமை இருக்கு. 'என் படைப்பைச் சிதைக்காதே'ன்னு சொல்ற உரிமை. அதை விக்கவும் முடியாது, எழுதிக் குடுக்கவும் முடியாது. செத்தாலும் போகாது. இங்கே யார் சிதைச்சது? நீயா, அவங்களா?"

"அவங்கதான்."

"அப்போ அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை வந்து, 'இது என் கை, நொறுக்கினது அவங்க, திருப்பிக் குடுத்தது நான்'னு சொல்லட்டும். பஹ்கத்துக்கு வேர்க்கும். இவங்களே பேரம் பேச வருவாங்க."

"மூணு தடவை எழுதிட்டேன், நெஹால். பதில் இல்லை."

"விலாசம் இருக்கில்ல?"

"அழிச்சிட்டேன்."

நெஹால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கடல் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் கிடந்தது. "சரி," என்றாள். "நல்லவங்களுக்கு வக்கீலா இருக்கறது பெரிய தலைவலி."

*

பஹ்கத்தின் அறையில் கரண்ட் இருந்தது; விசிறி சுற்றியது. மேஜையின் ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒல்லியான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. காலை ரயிலில் வந்த களைப்பு.

"பாஷ்முஹந்திஸ் ரஃபத்," என்றார் பஹ்கத், இன்ஜினியர்களுக்கான மரியாதைச் சொல்லைச் சேர்த்து. "ஸ்டுடியோவோட கோப்பறை இவர் பொறுப்புல. காப்பி வேண்டாங்கறாரு, தண்ணி வேண்டாங்கறாரு. நோன்பான்னு கேட்டேன், அதுவும் இல்லையாம்."

ரஃபத் எழுந்து நின்று கை கொடுத்தார். கை ஈரமாக இருந்தது.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உஸ்தாஸா," என்றார் பஹ்கத். " நான் அரக்கன் இல்லை. என் பையனே உங்க மாடைப் போட்டுத்தான் விளையாடறான்."

"அப்போ அவனுக்கும் ஒரு அமீனாவை அனுப்புங்க, மெத்ர்," என்றாள் நெஹால். "ஒரே வீடு. லிஃப்ட் செலவு மிச்சம்."

பஹ்கத் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். பிறகு கோப்பைத் திறந்தார்.

"வசனத்தை மாத்தினீங்க, அதைக் கம்பெனி கேக்கலை. கண்ணை மூடிக்குவாங்க. படத்தைக் கொஞ்சம் கிறுக்கி மாத்தியிருந்தாக்கூட எடுத்துடுங்கன்னு ஒரு கடிதம், அத்தோட சரி. இங்கே விஷயம் வேற. பாஷ்முஹந்திஸ், பாத்துச் சொல்லுங்க. கடையில விக்கற கேமிலேருந்து இந்த மாதிரி அடுக்கடுக்கா படத்தைப் பிரிச்சு எடுக்க முடியுமா?"

ஷாஹினாஸின் லேப்டாப் மேஜைமேல் இருந்தது. ரஃபத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படத்தைத் திறந்தார். மீன் வலைக் கடை. எழுத்து அடுக்கை அணைத்தார், வெறும் சுவர். மறுபடி போட்டார். அதையே இரண்டு மூன்று முறை செய்தார்.

"வெளியாள் யாராவது புதுசா வரைஞ்சிருக்கலாமே?" என்றாள் நெஹால். "திறமைசாலிங்க இருக்காங்க. ஒரு வருஷம் உக்காந்தா சுவரையும் துருவையும் வரைய மாட்டாங்களா? அப்படி இருக்கவே முடியாதுன்னு சொல்வீங்களா, பாஷ்முஹந்திஸ்?"

ரஃபத் எழுத்து அடுக்கை இன்னொரு முறை அணைத்தார்.

"முடியாது," என்றார் ரஃபத். திரையைப் பார்த்தபடியே சொன்னார். "இது ஸ்டுடியோவுக்குள்ளே இருந்து வந்தது."

நெஹால் விடவில்லை. டிராமில் சொன்னதையெல்லாம் சொன்னாள். சட்டத்தின் எண்ணைச் சொன்னாள், பிரிவைச் சொன்னாள். கம்பெனி இந்த மனிதனின் எழுத்தை நொறுக்கி உலகம் முழுக்க விற்றதே, சிதைவு என்றால் அதுதானே என்றாள். பஹ்கத் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"இருநூறு பேர் சேர்ந்து செய்யற வேலையில ஒரு தனி ஆளுக்கு அந்த உரிமை உண்டான்னு நீதிபதிதான் சொல்லணும். சரி, உண்டுன்னே வெச்சுக்குவோம். அது வரைஞ்சவனோட உரிமை, உஸ்தாஸா. அவன்தான் வந்து கேக்கணும். உங்க கட்சிக்காரி கேக்க முடியாது." கைகளை விரித்தார். "எங்கே அவன்? வரச் சொல்லுங்க. இந்த நாற்காலியில உக்காரட்டும். நானே காப்பி சொல்றேன்."

யாரும் வரவில்லை. ரஃபத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவனோட பேரு?" என்றார் பஹ்கத், அவளைப் பார்த்து.

"தெரியாது."

"மெயில்?"

"இல்லை."

"எப்போ இல்லாமப் போச்சு?"

"நீங்க வர்றதுக்கு முன்னால."

பஹ்கத் தலையசைத்தார். ஒரு தாளை எடுத்து, அந்த வரியை ஆங்கிலத்தில் வாசித்தார். "'தன் கையால் எழுதிய'ன்னு போட்டுட்டீங்க. அந்த ஸ்டுடியோவுல கையால பலகை எழுதறவங்க நாலே நாலு பேர். வர்ற வாரம் நாலு பேரையும் தனித்தனியா உக்கார வெச்சுக் கேக்கறதாத் திட்டம். நாலு பேரு வேலையும் கேள்விக்குறி. இதை நிறுத்த ரெண்டு வழி. நீங்க அவனைக் காட்டிக் குடுங்க. மாடை நெட்டிலேருந்து எடுத்துட்டுப் போயிட்டே இருங்க, துபாய்க்கு ஒரு காகிதமும் போகாது. இல்லைன்னா, ரகசியப் படம்னு தெரிஞ்சே நானாக் கேட்டு வாங்கினேன், பொறுப்பு முழுக்க என்னோடதுன்னு எழுதிக் குடுங்க. விசாரணையை அத்தோட மூடிடுவாங்க. ஆனா அந்தத் தாளோட நகல் கம்பெனியோட தொழில் செய்யற எல்லாருக்கும் போகும். துபாய்க்கும்தான்."

"எழுதாதே," என்றாள் நெஹால். "நீதிமன்றத்துக்குப் போவோம். மூணு வருஷம் இழுக்கறேன்."

"மூணு வருஷமும் அந்த நாலு பேர் என்ன ஆவாங்க?"

"உனக்கு யாருடி அவங்க?"

ஷாஹினாஸ் மேஜைமேல் இருந்த தாள்களைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு வரி. யாருமே கேட்காத ஒரு வரி. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த அறையே இருந்திருக்காது என்பதுதான் அவள் மனசில் ஓடியது. படிக்கிற இரண்டு பெண்கள். அவர்களுக்கு என்ன வயதிருக்கும்?

"பேனா குடுங்க," என்றாள்.

நான்கு பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டாள். நெஹால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பரிசோதகர் சாட்சியா ஒரு கையெழுத்துப் போடணும்," என்று பஹ்கத் தாளைத் தள்ளினார்.

ரஃபத் பேனாவை எடுத்தார். சற்றுத் தயங்கி, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். வேகமாக, கிறுக்கலாகப் போடத்தான் பார்த்தார். ஆனால் முப்பது வருஷப் பழக்கம் கையை விடவில்லை. கடைசி எழுத்து படகு மாதிரி வயிறு தாழ்ந்து, வலது முனை மட்டும் ஒரு நூல் மேலே எகிறி நின்றது.

ஷாஹினாஸ் தாளின்மேல் குனிந்தாள். அந்த முனையை அவளுக்குத் தெரியும். ரொட்டிக் கடையில், முடிதிருத்தும் கடையில், வலைக் கடையில், இருநூற்றுப் பன்னிரண்டு பலகைகளிலும் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மணிக்கணக்கில் பார்த்த முனை.

தலையை நிமிர்த்தினாள். ரஃபத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு வார்த்தை போதும். மேஜைக்கு அந்தப் பக்கம் பஹ்கத் இருக்கிறார், இந்தப் பக்கம் நெஹால் இருக்கிறாள், மை இன்னும் காயவில்லை.

ஷாஹினாஸ் லேப்டாப்பை மூடினாள்.

*

நெஹாலை முதலில் போகச் சொல்லிவிட்டாள். "தனியா நடக்கணும் போல இருக்கு." நெஹால் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டிராமில் ஏறினாள். அவள் கோபமாக இருக்கும்போது அப்படித்தான்.

ரஃபத் சதுக்கத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். மாலை வெயில். குதிரைவண்டிக்காரர்கள் சவாரி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் எதையும் காதில் வாங்காமல், பையை நெஞ்சோடு அணைத்தபடி, கடல் சுவரருகே போய் நின்றார். அவள் வருவாள் என்று தெரிந்தே நின்ற மாதிரி இருந்தது.

பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள்.

"உங்க பொண்ணுங்க என்ன படிக்கறாங்க?" என்று கேட்டாள்.

"பெரியவ பல் டாக்டருக்கு. சின்னவ பள்ளிக்கூடம் முடிக்கறா."

"நல்லா இருக்கட்டும்."

அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்," என்றாள் ஷாஹினாஸ். "நீங்க பேரு வேண்டாம்னு சொன்னீங்க. பேரு போடலை, ஆனாலும் அந்த வரியைப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. ஏழு நாளா அதையேதான் நெனச்சுக்கிட்டிருக்கேன். உங்களுக்கு வந்த கஷ்டம் என்னால வந்தது."

"வேண்டாம்," என்றார் ரஃபத். "மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க."

"இனிமே உங்களைக் கேக்க மாட்டாங்கல்ல? விசாரணையை மூடிடுவோம்னு சொன்னாரே."

"மூடிடுவாங்க."

அவர் வலது கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அங்கே ஒரு பழைய காய்ப்பு இருந்தது.

"ரொம்ப நாளைக்கு முன்னால," என்றார், "கெய்ரோவுல, ஷுப்ரா பக்கம், நான் நிஜக் கடைகளுக்குப் பலகை எழுதினவன். மழை பெஞ்சு, தூசி படிஞ்சு, கடையே மூடினாலும் எழுத்து அங்கேயே இருக்கும். கம்ப்யூட்டர்ல அப்படி இல்லை. அனுப்பினா எங்கே போகுதுன்னே தெரியாது. நீங்க சரிபண்ணி விட்டதை என் சின்னப் பொண்ணு போட்டுக் காட்டினா. அந்த மீன் சந்தையில நடந்தேன். எல்லாப் பலகையையும் படிச்சேன். அழுதுட்டேன்."

ஷாஹினாஸுக்கும் கண் கரித்தது. அந்த ஒரு நிமிஷத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டும் காலி செய்ய வேண்டிய வீடும் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது.

பிறகு, எங்கோ ஓர் இடத்தில் ஏதோ இடித்தது. பஹ்கத்தின் குரல் அப்படியே காதில் கேட்டது.

"நாலே நாலு பேர்னாரு," என்றாள் மெதுவாக.

ரஃபத் விரலைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"நாலு பேர் மேலயும் சந்தேகம்னாரு. தனித்தனியா கேக்கப் போறோம்னாரு. அந்த நாலுல நீங்களும் ஒருத்தர்தானே?"

"ஆமா."

"அப்புறம் எப்படி உங்களையே பரிசோதகரா அனுப்பினாங்க?"

அலை ஒன்று கற்களில் மோதித் தெறித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஸ்டுடியோவுல பசங்க உங்க நன்றிப் பக்கத்தைப் படிச்சிட்டுச் சிரிச்சாங்க. 'யார்றா அந்த நண்பன், நீயா, நீயா'ன்னு. வெறும் கேலிதான். ரெண்டு நாள்ல மறந்துட்டாங்க. நான் மறக்கலை. தூக்கம் போச்சு. என்னிக்காவது கேப்பாங்க, யாராவது சொல்லிடுவான்னு..." நிறுத்தினார். "முதல்ல சொல்றவனை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, உஸ்தாஸா."

அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம் என்று மனசு அடம் பிடித்தது. "ஆனா கம்பெனிதானே அந்த வரியைக் கண்டுபிடிச்சது? அடிக்கோடு போட்டு..."

"அந்தக் கம்பெனியில அரபி படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூடக் கிடையாது. இருந்திருந்தா பலகையே நொறுங்கியிருக்காதே." ரஃபத் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "அந்த வரியை இங்கிலீஷ்ல மாத்தி, அடிக்கோடு போட்டு, புகார் எழுதி அனுப்பினது நான்தான்."